ஒரு கை மாத்திரை

1952ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாக்கா மாநிலத்தின் ஆயர் தெராப் தோட்டத்தில் தனித்தனியாக இருந்த மூன்று தொழிலாளர் லயங்களும் பிரிக்கப்பட்டு, ரப்பர் ஆலைக்குப் பக்கத்தில் ஒரே முள்வேலிக்குள் திரும்பக் கட்டப்பட்டன. வேலிக்கு ஒரு கேட். காலை ஆறு மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்குச் சாத்தினார்கள். வெளியே போகிறவர்கள் அரிசி, சோறு, சீனி, டின் பால், மருந்து எதையும் கொண்டுபோகக் கூடாது என்று எழுதிய பலகை கேட்டில் தொங்கியது. காட்டில் ஒளிந்து சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்கு அவை போய்ச் சேரக் கூடாது என்பது அரசாங்கத்தின் உத்தரவு.

டிரசர் தனபாலனுக்கு அந்தத் தோட்டத்தோடு சேர்த்து மூன்று தோட்டங்கள். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து போவார். மற்ற நாட்களில் புண்ணுக்கு மருந்து வைப்பது, ஊசி போடுவது, பிரசவம் பார்க்க ஆள் அனுப்புவது எல்லாம் தனபாலன்தான். மலாக்கா டவுனில் பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். நாற்பத்தைந்து வயதில் முழங்கால் வலி வந்துவிட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் கம்பெனி லோரியில், துப்பாக்கி பிடித்த இரண்டு காவல்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வருவார். முதல் தோட்டத்திலிருந்து மூன்றாவது தோட்டத்துக்குப் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிடும்.

அவருடைய மருந்துக் கொட்டகைக்குப் பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள். ஆண்கள் வருவதில்லை. காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, உடம்பு சரியில்லை என்று ஒருவன் சொன்னால் அவனுடைய நிரையை, அதாவது அவன் பால் வெட்டும் மரங்களை, அன்றைக்கே இன்னொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். நல்ல நிரையாக இருந்தால் திரும்பக் கிடைக்காது. அதனால் ஆண்கள் நடக்க முடிகிற வரைக்கும் நடந்தார்கள். தனபாலன் ஆண்களைப் பெரும்பாலும் கட்டிலில் தூக்கிவந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்.

ஏப்ரலில் பெரியநாயகி ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். துண்டை மேசைமேல் விரித்தாள்.

"தொவைக்கிறப்போ பாத்தேன் ஐயா. வெத்தல எச்சின்னு சொல்லுது. அது வெத்தலயே போடாது."

"அது" என்றது புருஷன் வீரமுத்துவை. தனபாலன் துண்டைப் பார்த்தார். எத்தனை நாளாக இருமல் என்று கேட்டார். போன மழைக்கு முன்னாலிருந்து என்றாள்.

வீரமுத்துவுக்குப் போலீஸ் பெர்மிட் எழுதி, மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, எக்ஸ்ரே எடுத்து வருவதற்கு மே மாதம் பிறந்துவிட்டது. இரண்டு நுரையீரலிலும் காசம். வலது பக்கம் அதிகம். தோட்ட மேனேஜரான தொரை அவனைப் பால் வெட்டிலிருந்து நிறுத்தி, வேலிக்குள்ளேயே புல் வெட்டப் போட்டார். தீபாவளிக்குள் சுகமாகி ஆஸ்பத்திரியிலிருந்து நல்ல சீட்டு வந்தால் பழைய நிரை. வராவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். காசக்காரனை லயத்தில் வைத்துக்கொள்ள முடியாது, ஆயா வேலைக்குத் தனியாக வீடும் இல்லை என்று கணக்கு எழுதும் கிராணி மூலம் சொல்லி அனுப்பினார்.

வீரமுத்து மலாக்காவிலிருந்து ஒரு துணிப்பை நிறைய மாத்திரை கொண்டு வந்திருந்தான். கேட்டில் காட்டி உள்ளே கொண்டுவர ஒரு சீட்டும் இருந்தது. தனபாலன் கொட்டகையில் அவனை உட்கார வைத்து விளக்கினார்.

"ஊசி நான் போடுவேன். மாத்திரைய நீதான் முழுங்கணும். காலையில எட்டு, மத்தியானம் எட்டு, ராத்திரி எட்டு. சோத்துக்கு அப்புறம்."

வீரமுத்து மாத்திரைகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். பெரிய மாத்திரைகள். எட்டு எடுத்தாலே உள்ளங்கை நிறைந்துவிட்டது.

"தலைவலிக்கு நீங்க ரெண்டுதான ஐயா குடுப்பீங்க? இது மாட்டுக்குக் குடுக்கிற மாதிரில்ல இருக்கு."

"இது தலைவலி இல்ல. ஊசியும் மாத்திரையும் சேந்தாத்தான் அந்தப் பூச்சி சாகும். மாத்திரைய விட்டேன்னு வையி, கொஞ்ச நாள்ல ஊசியும் பலிக்காது. அப்புறம் என்கிட்ட வேற மருந்து கிடையாது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க ஐயா."

தொரையிடமும் கிராணியிடமும் சொல்கிற அதே குரலில் சொன்னான்.

இருமியது வீரமுத்து மட்டும் இல்லை என்பது தனபாலனுக்குத் தெரியும். பெரட்டு நேரத்தில் வந்த ஒரு நாள் வரிசையில் நின்றவர்களின் இருமலைக் கேட்டார். ஆண்கள் எல்லோரையும் ஒரு லோரியில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று தொரையிடம் கேட்டார். இந்த நிலைமையில் ஒரு லோரி ஆட்களை வெளியே விடப் போலீஸ் சம்மதிக்காது, ஒருவர் ஒருவராக வேண்டுமானால் அனுப்பலாம் என்றார் தொரை. ஒருவர் ஒருவராக யாரும் வரவில்லை. வீரமுத்து புல் வெட்டுவதை எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அப்புசாமி, நெஞ்ச ஒருவாட்டி காட்டேன்" என்று ஒருநாள் கேட்டைத் தாண்டும்போது கேட்டார். அப்புசாமிக்கு ஐம்பது இருக்கும். வீரமுத்துவுக்குப் பக்கத்து வீடு, பக்கத்து நிரை.

"என் நெஞ்சுல என்ன ஐயா இருக்கு? கள்ளு இருக்கு. அதுக்கு எக்ஸ்ரே எடுத்தா கள்ளுக்கடைக்காரனுக்குத்தான் லாபம்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்து, அதிலேயே இருமினான். "வீரமுத்துக்கு வந்தது தொரை உத்தியோகம் லா. நெழல்ல உக்காந்து புல்லு புடுங்குறான். எனக்கு அந்தக் குடுப்பின வேணாம்."

மூன்று வாரத்தில் வீரமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டது. ரத்தம் நின்றது. பெரியநாயகி கொட்டகைக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவந்து வைத்தாள். ஊசி போடும்போது தனபாலன் கேட்டார்:

"மாத்திரை வயித்தப் பொரட்டுமே? வாந்தி வருதா?"

"இல்லீங்க ஐயா. நல்லா ஒத்துக்கிச்சு."

மற்ற இரண்டு தோட்டங்களில் அதே மாத்திரையைச் சாப்பிட்டவர்கள் எல்லோரும் வாந்தி எடுத்திருந்தார்கள். இவனுக்கு வயிறு கெட்டி என்று தனபாலன் நினைத்தார். அப்போது அவருக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. ஜூலையில் திரும்பவும் மாலைக் காய்ச்சல் வந்தபோது மழையைக் காரணம் சொன்னார்.

லயத்தில் ஒரு பழக்கம் உண்டு. டவுனுக்குப் போய் வருகிறவன் பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பிரிப்பதில்லை. வீட்டு முன்நடையை அங்கே அஞ்சடி என்பார்கள். அந்த அஞ்சடியில் வைத்துத்தான் பிரிப்பான். ஓமப்பொடியோ, பேரீச்சம்பழமோ, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் ஒரு கை போன பிறகுதான் தன் வீட்டுக்குள் போகும். வேலி வந்து, பெர்மிட் வந்து, டவுனுக்குப் போவதே அரிதாகிவிட்ட பிறகு இந்தப் பழக்கம் குறையவில்லை, கூடியது. போய் வந்தவன் எல்லோருக்குமாகப் போய் வந்தவன் என்று ஆயிற்று. இது தனபாலனுக்குத் தெரியாதது அல்ல. அவருக்கே பலமுறை ஓமப்பொடி வந்திருக்கிறது.

ஆகஸ்டில் ஒரு காலை அவருடைய லோரி வந்து நின்றபோது அப்புசாமி கேட்டுக்குப் பக்கத்துக் காவல் குடிசையில் தரையில் உட்கார்ந்திருந்தான். பால் வாளி வெளியே கிடந்தது. காவல்காரர் யூசோப் ஒரு தலைத்துண்டை நீட்டினார். அதன் முடிச்சில் ஆறு மாத்திரைகள்.

"உபாட் அப்பா இனி, துவான் டிரசர்?"

என்ன மருந்து என்று கேட்டார் அவர். வெளியே போகும் மருந்து காட்டுக்குப் போகிற மருந்து. அதற்கு விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம். போலீஸ் நிலையத்துக்கு ஏற்கெனவே ஆள் போய்விட்டது.

தனபாலனுக்கு மாத்திரையைப் பார்த்தவுடன் தெரிந்தது. குடிசைக்குள் போய் அப்புசாமி முன்னால் நின்றார். உட்காரலாம் என்று நினைத்தார், முழங்கால் விடவில்லை.

"வீரமுத்து குடுத்தானா?"

அப்புசாமி தலையாட்டினான். அன்றைக்குச் சிரிப்பு இல்லை.

"எத்தன பேரு?"

"நாலு பேரு ஐயா. அவன், நானு, மணியம், சாமிநாதன். ஆளுக்கு ஆறு. பத்து மணிக்குப் பால் வெட்டி முடிச்சதும் தண்ணியில முழுங்குறது. கோப்பிதான் கொண்டுபோக விட மாட்டேங்கிறானுங்களே." பிறகு, "எம்மேலதான் தப்பு, முடிச்சுல வச்சது. அவன விட்டுருங்க" என்றான்.

வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி ஜீப்பில் வந்தார். தொரையும் வந்தார். மருந்து தன்னுடையதுதான், இந்த ஆளுக்கு நெஞ்சில் நோய், தான் கொடுத்தது என்று தனபாலன் இங்கிலீஷில் சொன்னார். இவன் பெயருக்கு ஏன் சீட்டு இல்லை என்று அதிகாரி கேட்டார். மறந்துவிட்டேன் என்றார் தனபாலன். இன்னும் எத்தனை பேரிடம் இந்த மருந்து இருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

"தெரியாது. எக்ஸ்ரே எடுத்தால் தெரியும். மே மாதத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்."

கணக்கில் இல்லாத மருந்து வேலிக்குள் இருப்பதை அதிகாரி விரும்பவில்லை. ஆண்கள் அனைவரையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், லோரிக்குக் காவல் நான் அனுப்புகிறேன், அதற்குப் பிறகு மருந்து யாருடைய வீட்டிலும் இருக்கக் கூடாது, கேட்டிலேயே வைத்துக் காவல்காரர் முன்னால் விழுங்க வேண்டும் என்று தொரையிடம் சொன்னார். தொரை சரி என்றார். அப்புசாமியை விட்டார்கள். அவனுடைய நிரையை அன்றைக்கே வேறொருவனுக்குக் கொடுத்தார்கள்.

தனபாலன் வீரமுத்துவைத் தேடிப் போனார். ஆலைக்குப் பின்னால் புல் வெட்டிக்கொண்டிருந்தான். அரிவாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். செய்தி அவனுக்கு வந்திருந்தது.

"நான் என்ன சொன்னேன் ஒனக்கு?"

"மாத்திரைய விடக் கூடாதுன்னு சொன்னீங்க. விடல ஐயா. ஒருநாள் விடல."

"ஆறு முழுங்கினா முழுங்கின கணக்கா? இருபத்துநாலுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. நாலு பேரு இருமுறோமே ஐயா. எனக்குப் பெர்மிட்டு கெடைச்சுது, நான் போனேன். அவங்க வந்தா நிரை போயிரும். அப்புசாமி அண்ணே ராத்திரி முழுக்க இருமுது, நடுச்சொவரு பலகைதான, எனக்குக் கேக்குது. நான் இந்தப் பக்கம் ஒக்காந்து எட்டு எட்டா முழுங்குறதா?"

"ஆமா. முழுங்கணும்."

வீரமுத்து, "மாத்திரை அத்தன இருக்கவும், தாராளமாக் குடுத்துருக்காங்க, பிரிச்சுக்கத்தான் குடுத்துருக்காங்கன்னு நெனச்சேன்" என்றான்.

"ஊசிய ஏன் பிரிச்சுக்கல?" என்று தனபாலன் கேட்டார். கேட்ட பிறகு அதைக் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"அத நீங்கல்ல போடுறீங்க" என்றான் வீரமுத்து. அதில் கிண்டல் எதுவும் இல்லை.

"இனிமே இருபத்துநாலும் முழுங்குறேன் ஐயா. தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே. சரியாயிருமில்ல?"

தனபாலன், "முழுங்கு, பாப்போம்" என்றார்.

அடுத்த நாளிலிருந்து வீரமுத்து கேட்டில் நின்று யூசோப் முன்னால் எட்டு எட்டாக விழுங்கினான். முதல் நாளே வாந்தி எடுத்தான். யூசோப் தன் போத்தலிலிருந்து தண்ணீர் கொடுத்து, வாந்தியில் போனவற்றுக்குப் பதிலாகத் திரும்பவும் எண்ணிக் கொடுத்தார். பெரியநாயகி மூன்று வேளையும் கஞ்சி கொண்டுவந்து கேட்டோரம் நின்றாள். "தின்னுட்டு முழுங்கு, தின்னுட்டு முழுங்குன்னு தொண்ட கிழியக் கத்தினேனே, கேட்டியா? தர்மப்பிரபு" என்று யூசோப் முன்னாலேயே திட்டினாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

செப்டம்பர் கடைசியில் மூன்று லோரிகளில் ஆண்கள் மலாக்காவுக்குப் போனார்கள். முன்னாலும் பின்னாலும் போலீஸ் வண்டி. பெரும்பாலோர் மூன்று வருடத்தில் டவுனைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரும்பும்போது அவர்களிடம் பொட்டலம் எதுவும் இருக்கவில்லை. கடைப்பக்கம் இறங்கவிடவில்லை.

படங்கள் வந்தன. பதினொரு பேருக்குக் காசம். அப்புசாமிக்கும் மணியத்துக்கும் இருந்தது. இருவருக்கும் இதுவரை ஊசி போடாததால் அது இன்னும் பலிக்கக்கூடும் என்று டாக்டர் சொன்னார். சாமிநாதனுக்கு எதுவும் இல்லை. அவனுடைய இருமல் சுருட்டு இருமல். மூன்று மாதமாக அவன் நாளுக்கு ஆறு மாத்திரை விழுங்கியிருந்தான்.

வீரமுத்துவின் வலது நுரையீரலில் ஓட்டை பெரிதாகியிருந்தது. சளியில் கிருமி இருந்தது. ஊசிக்கு அது கட்டுப்படவில்லை என்று டாக்டர் எழுதினார். காச வார்டில் படுக்கைக்குப் பெயர் பதிந்தார்கள்.

பதினொரு பேரைப் பால் வெட்டிலிருந்து நிறுத்தினால் ஆலைக்குப் பால் வராது என்று தொரை கணக்குப் பார்த்தார். சளியில் கிருமி இல்லாதவர்கள் மருந்து சாப்பிட்டுக்கொண்டே வெட்டலாம், நிரை மாறாது என்று அக்டோபரில் உத்தரவு வந்தது. அப்புசாமிக்கு அவனுடைய நிரை திரும்பக் கிடைத்தது. வீரமுத்துவுக்கு மட்டும் தனியாக ஏதும் செய்ய முடியுமா என்று தனபாலன் போய்க் கேட்டார். தீபாவளி என்று சொன்னது தீபாவளிதான் என்றார் தொரை.

தீபாவளிக்கு மறுநாள் வீட்டைக் காலி செய்தார்கள். அப்புசாமியும் மணியமும் பெட்டியையும் அம்மியையும் லோரியில் ஏற்றினார்கள். பெரியநாயகியின் தம்பி தஞ்சோங் கிளிங்கில் மீன் லோரி ஓட்டினான். அங்கே போனார்கள். வார்டில் படுக்கை டிசம்பரில் கிடைத்தது. 1953 பிப்ரவரி 9ஆம் தேதி காலை வீரமுத்து இறந்தான். அந்த லயத்து வீட்டில் அதற்கு முன்பே வேறொரு பால்வெட்டுக் குடும்பத்தைக் குடி வைத்திருந்தார்கள்.