முதலாளி சாப்பிடவில்லை

“வாயைத் திற, சனியனே!” என்று மூத்தவள் பூனையின் கடைவாயில் சிரிஞ்சைச் செருகினாள். பூனை தலையை ஒரு உதறு உதறியது. கரைத்த மீன் அவள் கன்னத்திலும் சுவரிலும் தெறித்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்தவள், செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூடத் தட்டாமல் நேராக இந்த வேலையில் உட்கார்ந்திருந்தாள்.

பூனைக்கு முதலாளி என்று பெயர் வைத்தது அப்பாதான். “வேலை செய்யாம சாப்பிடறது இந்த வீட்ல இவர் ஒருத்தர்தானே, அப்ப முதலாளிதான்” என்பார். கீழே சலவைக் கடை, மேலே வீடு. மற்ற எல்லோரும் காலையிலிருந்து சோப்பிலும் நீராவியிலும் வேக, முதலாளி இஸ்திரி போட்ட துணிமேல் படுத்துத் தூங்கும்.

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு பூனை அவரை விட்டு நகரவில்லை. உள்ளங்கையில் மீனை வைத்து நீட்டுவார். அவர் நெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அது நக்கித் தின்னும். “முதல்ல நீங்க சாப்பிடுங்கப்பா” என்று மூத்தவள் கத்தினால், “முதலாளி முடிக்கட்டும்” என்பார். முதலாளி முடித்துவிடும். அவர் தட்டைத் தொடமாட்டார். அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. செத்துப் போனவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

அப்பாவைப் போலவே முதலாளிக்கும் சிறுநீரகம் கெட்டிருந்தது. அப்பாவுக்கு நோய் முற்றிய நாளிலிருந்து அது எதையும் தொடவில்லை. சற்று முன்புதான் கால்நடை மருத்துவர் போனில் சொன்னார்: “இன்னைக்கு ஏதாவது உள்ள போயாகணும்மா. இல்லன்னா ஈரலும் போயிடும், அப்புறம் என்கிட்ட கொண்டு வந்து பிரயோஜனம் இல்ல. பூனைக்கு நாக்கைவிட மூக்குதான் முக்கியம். அப்பா வாசனை இருக்கிற துணி எதையாவது பக்கத்துல போட்டுக் குடுத்துப் பாருங்க.”

துணியா? அதற்குத்தான் அவள் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடியிருந்தாள். காலையில் அப்பா கண்ணை மூடியதும் அவள் சொந்தக்காரர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்த நேரத்தில், தம்பி கட்டிலை உரித்துவிட்டிருந்தான். விரிப்பு, தலையணை உறை, போர்வை, நாற்காலியில் கிடந்த சட்டை, பூனை படுக்கும் பழைய துண்டு, எல்லாம் கொதிக்கிற தண்ணீரில் பிளீச்சிங் பவுடரோடு போய்விட்டன. துக்கம் வந்தால் மற்றவர்களுக்குக் கைகால் ஓடாது. இவனுக்கு நிற்காது. அடக்கம் முடிந்து வந்தும் அவன் ஓயவில்லை. இப்போது பீரோவில் மடித்து வைத்ததையும் அள்ளிக்கொண்டு போயிருந்தான்.

மூத்தவள் படிக்கட்டில் நின்று கத்தினாள். “துவைச்சதையே எதுக்குடா திரும்பத் துவைக்கிறே?”

“சும்மா இருக்க முடியலக்கா.”

“அவர் உடம்பு ஆறறதுக்குள்ள படுக்கையை உருவிட்டியே! ஒண்ணே ஒண்ணு மிச்சம் வச்சிருக்கக் கூடாது?”

“எல்லாம் அழுக்கா இருந்துச்சு.”

“அழுக்கு இல்லடா அது. அப்பா!”

கீழே அவன் மெஷினை முடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, அவள் சொன்னது காதிலேயே விழாதவன்போல, “நீயும் அந்த ஸ்வெட்டரைக் கழட்டிப் போடு. கறை காய்ஞ்சா அப்புறம் போகாது” என்றான்.

அவள் கதவை அறைந்து சாத்தினாள். பூனை சுவரோரமாகச் சுருண்டு கிடந்தது. முதுகெலும்பு எண்ணுகிற மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. “நீயும் போறியா? போ. அவர் கூப்பிட்டாரா?” என்று அதனிடம் சீறினாள். “ஒரே நாள்ல ரெண்டு பேரைத் தூக்கிட்டுப் போக என்னால முடியாது, சொல்லிட்டேன்.” சொல்லும்போதே அழுகை வந்தது. அழுகை வந்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பூனையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு மறுபடி சிரிஞ்சை எடுத்தாள். அது திமிறி அவள் மார்பில் ஏறியது. தோளருகில் மூக்கு பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது.

நேற்று ராத்திரி நெஞ்சில் தைலம் தடவிவிட்டு, கடைசியாக ஒரு வாய் கஞ்சி ஊட்டும்போது அப்பா சாய்ந்திருந்த தோள் அது. விழுங்காமல் அங்கேயே வழியவிட்டிருந்தார். அப்போதும் அவள் திட்டத்தான் செய்தாள். குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரோடு விடிந்து, அதே ஸ்வெட்டரோடு அடக்கத்துக்கும் போய் வந்திருந்தாள்.

மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் கொஞ்சம் மீனை எடுத்து நீட்டினாள். பூனை யோசித்தது. பிறகு திரும்பி, அவள் நெஞ்சில் முதுகைச் சாய்த்து, ஒரு நக்கு நக்கியது. இன்னொரு நக்கு.

கதவு திறந்தது. “ஸ்வெட்டரைக் குடுக்கா. இந்த லோடு முடிஞ்சதும் போட்டுடறேன்.”

“தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்” என்றாள். பூனை பயந்துவிடக் கூடாதென்று ரகசியம்போலத்தான் சொன்னாள். அத்தனை கோபத்தை அவள் அவ்வளவு மெதுவாகச் சொல்லி அவன் கேட்டதில்லை.

தம்பி பூனையைப் பார்த்தான். அப்புறம் தோளில் இருந்த கறையைப் பார்த்தான். கடையில் எந்தத் துணி வந்தாலும் முகர்ந்து பார்த்து என்ன கறை என்று சொல்வது அவன் வேலை. இப்போதும் பழக்கம் விடவில்லை. மண்டியிட்டு, அவள் தோளருகில் மூக்கைக் கொண்டுபோனான்.

“கஞ்சி” என்றான். “தைலம்.”

நெற்றியை அவள் தோளில் சாய்த்தான். தலையை எடுக்கவில்லை. திட்டுவதற்கு அவள் வாய்வரை வந்தது. பூனை இன்னும் நக்கிக்கொண்டிருந்ததால் கையை நீட்டியபடியே இருந்தாள்.

கீழே மெஷின் சுற்றி முடித்து, துணியை எடுக்கச் சொல்லிக் கீச்சுக்கீச்சென்று கூப்பிட்டது. கொஞ்ச நேரம் கூப்பிட்டுவிட்டு அதுவாகவே நின்றது.