நாள் கேட்காத கம்ப்யூட்டர்

உலகத்தோர் யாவரும், அவர்களிலும் முக்கியமாகத் திருநெல்வேலி டவுன் தெற்கு ரத வீதியில் குடியிருப்போர், கேட்டு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, அக்கினி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு புதன்கிழமை, ராகு காலத்துக்குச் சற்று முன்பாக, ஸ்ரீ அகத்தியர் கம்ப்யூட்டர் ஜாதக நிலையத்தில் விண்டோஸ் தொண்ணூற்றெட்டு கண் திறந்தது. பொருநைக் கரையில் இதற்கு நிகரான சம்பவம் முன்பு நடந்ததில்லை என்று நிலையத்தின் நிறுவனரும் தலைவரும் தலைமை ஆலோசகருமான ஐயம்பெருமாள் பிள்ளை அறிவித்தார். மூன்று பதவியிலும் அவரே இருந்ததால் மறுத்துச் சொல்ல ஆள் இல்லை.

நிலையம் என்பது அவர் வீட்டின் முன்னறை. உள்ளே ஒரு கம்ப்யூட்டர், கர்கர்ரென்று இழுத்து அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், செருப்பை வெளியே விடச் சொல்லும் ஓர் அட்டை. வாசலில் போர்டு: ‘மனிதன் தவறலாம், மெஷின் தவறாது.’ பிள்ளைவாள் கூட்டுறவுப் பண்டகசாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஜோதிடம் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. இரண்டையும் சேர்த்தால் ஒரு தொழில் ஆகும் என்பது மட்டும் தெரியும்.

வேலை பார்த்தது அவர் மகள் சித்ரலேகா. பி.எஸ்ஸி. கணக்குப் படித்தவள். அவள்தான் அந்த 486 கம்ப்யூட்டரைக் கட்டி மேய்த்தாள். மெட்ராஸில் ஏதோ ஆபீஸில் கழித்துக் கட்டிய சரக்கு அது. காலையில் சுவிட்சைப் போட்டால் ஒரு முறை முனகும். பிறகு கறுப்புத் திரையில், இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். சித்ரலேகா அடிப்பாள். மணி என்ன என்று கேட்கும். அதையும் அடிப்பாள். அதற்குப் பிறகுதான் வேலைக்கு வளையும்.

பிள்ளைவாள் இதில் தெய்வாம்சம் கண்டார். ஜாதகம் எழுத வந்தவர்களைக் கையைப் பிடித்து அழைத்துவந்து காட்டுவார்.

“பாத்தியளா? நாள் கேக்காம ஒரு காரியத்தத் தொடங்காது. நம்ம வீட்டுப் பிள்ளையளுக்கு இந்தப் புத்தி உண்டா?”

“எப்பா, அதுக்கு மறதி. அணைச்சா எல்லாம் மறந்துபோவுது. அதான் கேக்குது” என்பாள் சித்ரலேகா.

“ஏட்டி, போ. அது மரியாதை.”

இப்படி மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு வரன் வந்தது. பாளையங்கோட்டை குற்றாலலிங்கம் பிள்ளையின் மகன் சிவகணேஷ். மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை. இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் வருஷம் புரியாமல் குழம்பி நிற்கும் என்று அப்போது ஊரே பயந்துகொண்டிருந்ததே, ஒய்டூகே என்று, அதைத் தடுக்கிற வேலை. குற்றாலலிங்கம் பிள்ளை ஓய்வு பெற்ற சார்பதிவாளர். மகன் ஒரு நாள் லீவு போட்டால் அமெரிக்காவில் விமானம் விழும் என்கிற தோரணையில் பேசுவார்.

சித்ரலேகாவுக்கு அந்தப் பையனைத் தெரியும். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், இருவரும் பேசியிருக்கிறார்கள். அவள் தன் மெஷினின் மறதியைப் பற்றிச் சொன்னாள், அவன் சிரித்தான். சாம்பார் இரண்டாம் முறை வரும்வரை சிரித்துக்கொண்டிருந்தான். அன்று முதல் அவளுக்கு வேறு மாப்பிள்ளை மனத்தில் ஏறவில்லை. இது தட்டிப்போனால் அடுத்து வரிசையில் நிற்பவன் விக்கிரமசிங்கபுரத்து மாமா மகன். கம்ப்யூட்டர் என்பது பெரிய சைஸ் கால்குலேட்டர் என்று நம்புகிறவன். அதையும் அவளுக்கே விளக்கிச் சொன்னவன்.

பொருத்தத்தைச் சம்பந்தி வீட்டு மெஷினிலேயே பார்த்துவிடலாம் என்று குற்றாலலிங்கம் பிள்ளை போனில் பெருந்தன்மை காட்டினார். கூடவே ஒரு கேள்வியும் போட்டார்.

“ஒங்க மெஷின்ல என்ன ஓடுது? விண்டோஸ்தானே?”

“தொண்ணூத்தெட்டு!” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை. அந்த எண்ணை முந்தின நாள்தான் பேப்பர் விளம்பரத்தில் பார்த்திருந்தார்.

போனை வைத்த கையோடு மேலப்பாளையம் அலி அக்பருக்கு ஆள் போயிற்று. அலி அக்பர் ஜங்ஷனில் கம்ப்யூட்டர் கோத்து விற்பவர். ‘முடியாது’ என்று அவர் வாயில் எவரும் கேட்டதில்லை. ‘முடிந்தது’ என்றும் கேட்டதில்லை.

“எப்பா, இருக்கது நல்லாத்தானே ஓடுது” என்றாள் சித்ரலேகா.

“ஓடுனாப் போதுமாட்டி? ஓடுதது பாக்குதவனுக்குத் தெரியாண்டாமா?”

அலி அக்பர் சிடி டிரைவ் ஒன்றை எங்கிருந்தோ கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார். விண்டோஸ் தட்டைப் போட்டார். சற்று நேரத்தில் தலையைச் சொறிந்தார்.

“அண்ணாச்சி, இந்த மெஷினுக்கு இது தாங்காதுங்கான்.”

“எவன்?”

“அமெரிக்காக்காரன். மெஷின் ரொம்பப் பழசாம். இதுக்கு மேல உள்ளதுக்குத்தான் இதப் பண்ணிருக்கானாம்.”

“நம்ம வீட்டுல எது ஓடணும்னு சொல்லுததுக்கு அவன் யாருவே? வரியா கட்டுதான்?”

“கோவப்படாதிய. அதுக்கும் வழி இருக்கு. தகுதி பாக்காம உள்ள போன்னு ஒரு வார்த்தை சேத்து அடிச்சாப் போதும். பெறவு கேள்வி கேக்காது.”

“அடியும். கேள்வி கேக்காம இருக்கதுதான் நல்ல குடும்பத்துக்கு அழகு.”

உள்ளே போயிற்று. மறுநாள் மத்தியானம்வரை போய்க்கொண்டே இருந்தது. போய் முடிந்தபின் மெஷினின் சுபாவமே மாறிவிட்டது. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி வீட்டில் கேட்டுக்கொண்டு வருவதுபோல வந்தது. ஜாதக புரோகிராமைத் திறக்கச் சொல்லிவிட்டு ஒருவர் காப்பி குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வரலாம்.

ஆனால் பிள்ளைவாள் பூரித்துப்போனார். “கவனிச்சியாட்டி? தேதியக்கூடக் கேக்கல. புதுசுல்லா!”

“கேக்கலன்னா அதுக்கு எப்பிடிப்பா தெரியும்?”

“பேருலயே வருசம் இருக்கே, தொண்ணூத்தெட்டுன்னு. ஒரு வருசம் முன்னப்பின்ன இருந்தா என்னட்டி?”

சித்ரலேகா வேறு வழி பார்த்தாள். “சரிப்பா. அவங்க வார அன்னைக்கு சுவிட்ச் போட்டதும் நான் வந்து தேதிய மட்டும் மாத்திட்டுப் போயிருதேன்.”

“நல்லாருக்கே! பொண்ணு பாக்க வந்த எடத்துல பொண்ணு கீபோர்டு முன்னால உக்காந்து தட்டிட்டிருந்தா நாலு பேரு என்ன நெனப்பான்? காப்பித் தட்டோட வந்தாப் போதும். அலி அக்பர் பாத்துக்கிடுவாரு.”

பெண் பார்ப்பதற்கும் விண்டோஸ் திறப்பு விழாவுக்குமாகக் குறித்திருந்த புதன்கிழமை வந்தது. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். சிபியூவுக்கு மல்லிகைச் சரம். பிரிண்டருக்கு முன்னால் எலுமிச்சம்பழம். குற்றாலலிங்கம் பிள்ளை, அவர் மனைவி உலகம்மாள், சிவகணேஷ் மூவரும் நாற்காலிகளில் அமர்ந்தார்கள். ஐயம்பெருமாள் பிள்ளை கற்பூரம் காட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். மெஷின் முனகியது. ஏதோ எழுத்து வந்து நின்றது. அலி அக்பர் படிக்காமலேயே ஒரு பொத்தானை அமுக்கித் தாண்டினார். பிறகு நீல வானமும் வெண்மேகமும் திரையில் தோன்றின. தோன்றி, அப்படியே நின்றன.

அக்கினி நட்சத்திரத்தில் திருநெல்வேலியில் மேகத்தைக் கண்ட பாக்கியசாலிகள் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும்தான்.

“மேகமாவே இருக்கே” என்றார் குற்றாலலிங்கம் பிள்ளை.

“சுபசகுனம்லா” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை.

மேலும் சிறிது நேரம் சகுனமாகவே இருந்தது. குற்றாலலிங்கம் பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். “பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துரும். சுவிட்ச் போட்ட நேரத்தக் கணக்கு வைக்கணுமா, படம் முழுசா வார நேரத்த வைக்கணுமா?”

“பிள்ள பொறந்தா, வலி எடுத்த நேரத்தையா ஜாதகத்துல எழுதுதோம்?” என்று தானே தனக்கு எதிராக ஒரு நல்ல வாதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார் ஐயம்பெருமாள் பிள்ளை. நல்லவேளையாக அதற்குள் மேகம் கலைந்தது.

அலி அக்பர் இருவர் பிறந்த விவரங்களையும் அடித்தார். பிரிண்டர் இழுத்தது. வந்த தாளைக் குற்றாலலிங்கம் பிள்ளையே கிழித்து எடுத்து, பத்திரம் வாசிக்கும் குரலில் வாசித்தார்.

“ஜாதகர் சிவகணேஷ். நடப்பு வயது ஏழு. ஜலத்தில் கண்டம் உண்டு. ஆற்றில் தனியே குளிக்க விட வேண்டாம்.”

மீசை வைத்த இருபத்தாறு வயது ஜாதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஜாதகி சித்ரலேகா. நடப்பு வயது நான்கு. அட்சராப்பியாசம் செய்ய உகந்த காலம். விவாக யோகம் தற்சமயம் இல்லை.”



இது வெறும் உளறல் என்று சிரித்துவிட்டு எழுந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் செய்தது உலகம்மாள். “ஏங்க, ஏளு வயசுல குறுக்குத்துறை ஆத்துல இவன் முங்கினதும் முடியப் பிடிச்சுத் தூக்குனதும் இவங்களுக்கு யாரு சொன்னது? அப்பிடியே சொல்லுதே!”

“ஆமாவே. நடந்தது நடந்தபடி சொல்லுது” என்ற குற்றாலலிங்கம் பிள்ளையின் குரல் இறங்கியது. “அப்ப விவாக யோகம் இல்லங்கதும்...”

ஐயம்பெருமாள் பிள்ளை வாசலைப் பார்த்தார். மெஷின் தவறு என்று சொன்னால் வாசலில் உள்ள போர்டைக் கழற்ற வேண்டும். மெஷின் சரி என்று சொன்னால் வந்தவர்களை வழியனுப்ப வேண்டும். மகளா, போர்டா என்று அவர் யோசித்தார். யோசிக்க இவ்வளவு நேரம் ஆனதை மகள் கதவு ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டில் காப்பி ஆடை கட்டியது.

“கம்ப்யூட்டர் சொல்லிட்டா...” என்று ஆரம்பித்தார் பிள்ளைவாள்.

“தேதியப் பாருங்க!” என்றாள் சித்ரலேகா, தெரு கேட்க.

“ஏட்டி, உள்ள போ!”

சிவகணேஷ் எழுந்தான். அலி அக்பரை நகரச் சொல்லி மவுஸைப் பிடித்தான். திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தை நோக்கி அம்புக்குறி வீட்டில் கேட்டுக்கொண்டு புறப்பட்டது. போய்ச் சேர்ந்ததும் தேதி எட்டிப் பார்த்தது: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது, ஜனவரி ஒன்று. மறதி வந்த கம்ப்யூட்டர் மறுபடி எண்ணத் தொடங்கும் நாள் அது. அவன் கதவுப் பக்கம் பார்த்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அம்பாசமுத்திரத்துச் சிரிப்பு அவனுக்கு மறுபடி வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டான்.

“என்ன மாப்ள? என்னதான் ஆச்சு?” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை, தண்ணீரில் முங்குகிறவர் குரலில்.

சிவகணேஷ் இரண்டு பெரியவர்களையும் மாறி மாறிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் ஒருவர் தலை குனிவார். இன்னொருவர் அதைக் காலமெல்லாம் சொல்லிக் காட்டுவார். அவன் முகத்தை மிகவும் இறுக்கமாக வைத்துக்கொண்டான்.

“மாமா, இது ஒய்டூகே.”

“ஒய்டூகேயா!” குற்றாலலிங்கம் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். “அதுக்கு இன்னும் மாசம் கெடக்கேடே?”

“சாதாரண மெஷின்ல டிசம்பர் முடிஞ்சுதாம்பா வரும். ரொம்ப உசந்த மெஷின்னா முன்னாலயே வந்துரும். வாரதத் தெரிஞ்சுக்கிட்டுப் பயந்து எண்பதுக்கு ஓடிப்போயிருச்சு.”

“உசந்த மெஷின்னா?” என்றார் ஐயம்பெருமாள் பிள்ளை.

“ரொம்ப உசந்ததுன்னா மட்டும்தான் மாமா.”

அலி அக்பர், தான் இதை முதலிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார்.

அடுத்த நிமிஷமே அறையின் நிறம் மாறியது. குற்றாலலிங்கம் பிள்ளைக்கு மார்பு விரிந்தது. “உக்காந்த எடத்துலயே கண்டுபிடிச்சுட்டான் பாத்தியளா, சம்பந்தி! இதுக்குத்தான் அவன மெட்ராஸ்ல விடமாட்டேங்கான்.” ஐயம்பெருமாள் பிள்ளைக்கு இன்னும் பெரிதாக விரிந்தது. “ஜில்லாவுலயே மொத ஒய்டூகே நம்ம வீட்டுல!”

அந்த உற்சாகத்தில் ராகு காலம் பிறக்கும் முன்பே தாம்பூலம் மாற்றினார்கள். ஆறிய காப்பியை யாரும் குறை சொல்லவில்லை. கிளம்பும்போது உலகம்மாள் மட்டும், “எதுக்கும் நீ ஆத்துப் பக்கம் தனியாப் போவாதல” என்றாள்.

கல்யாணம் ஆவணியில் நடந்தது. போர்டில் ஒரு வரி ஏறியது: ‘ஒய்டூகே கண்ட முதல் ஜாதக நிலையம்.’ அதைப் பார்க்கவே கூட்டம் வந்தது. பிள்ளைவாள் மல்லிகைச் சரம் மாறாமல் மெஷினைக் காட்டினார். மேகம் கலையும்வரை காத்திருந்தவர்களுக்கு எண்பதாம் வருஷமும் காட்டினார். அந்தத் தாளின் அடுத்த பக்கத்தில் இருந்த பத்துப் பொருத்தத்தை இன்றுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வந்தது ஒய்டூகே அல்ல. உள்ளே இருந்த கடிகாரத்தின் பேட்டரி செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது.