எல்லாவற்றுக்கும் ‘இல்லை’

பன்னிரண்டு கேள்விகள். பேனாவை வாங்கிய கணவர் அரை நிமிடத்தில் தாளை முடித்து நீட்டியபோதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த இலவச மனநல ஆலோசனை மையத்தின் பிளாஸ்டிக் நாற்காலி வரைக்கும் மனிதரைக் கிளப்பிக்கொண்டு வந்ததே மலையைப் புரட்டிய மாதிரி இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்துவிட்டாள்.

ஏழு வாரம் நாயாய் அலைந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை அவளுக்கு. இடைவேளையில் டீயைக்கூடக் குடிக்காமல் போன் போட்டாள். ஒரு நம்பர் அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் மாணவர்களுக்கு மட்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், சம்பந்தப்பட்டவரே பேச வேண்டுமாம். அவர் வாயைத் திறந்து பேசுகிற ஆளாக இருந்தால் இவள் எதற்கு இந்தப் பாடு படுகிறாள்! பணம் கட்டிப் பார்க்கலாமென்றால் ஒரு தடவை உட்கார்ந்து பேச அவளுடைய ஒரு வாரச் சம்பளம். வாரா வாரம் வரச் சொன்னார்கள். நல்ல கதை.

அவர் பஸ் ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு முன்னால், மழையில், சைக்கிளில் குறுக்கே வந்த பெண்ணொருத்தி அவர் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனாள். விசாரணையில் அவர்மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்து, வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். அவர் போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். ஒருநாள் காலையில், குழாயில் தண்ணீர் வரவில்லை என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்: “நான் இல்லாட்டி உனக்குக் கொஞ்சம் லேசா இருக்கும்ல?” அன்றிலிருந்து வேலைக்கு நடுவில் நாலு தடவை வீட்டுக்கு போன் பண்ணுகிறாள். அவர் எடுக்கும்வரை அவள் உயிர் அவளிடம் இருப்பதில்லை.

தாள் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்த பெண் மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். “அக்கா, சைபர்தான் வருது. எல்லாத்துக்கும் இல்லைன்னு போட்டிருக்காரு. பத்துக்கு மேல வந்தாத்தான் உள்ள அனுப்புவாங்க.”

“சைபரா? தூங்கியே மூணு மாசம் ஆச்சும்மா இவரு!”

“தாள்ல அப்படி இல்லையேக்கா.” அவள் கெட்டவள் இல்லை. இன்னொரு தாளை எடுத்து நீட்டினாள். “சீக்கிரம் எழுதிக் கொடுங்க. ஆலோசனை சொல்ற மேடம் பன்னெண்டு மணிக்குக் கெளம்பிடுவாங்க. விட்டா இன்னும் ஆறு வாரம்.”

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம். “என்னங்க, படிச்சுப் பாத்தா போட்டீங்க?” என்று சீறினாள்.

“கை அதுவா போட்டுடுச்சு” என்றார். “டிப்போல காலையில தருவாங்கல்ல, அந்தத் தாள் மாதிரி.”

அவளுக்கும் தெரிந்த கதைதான். பிரேக், விளக்கு, வைப்பர் என்று முப்பது கட்டம். எல்லாவற்றிலும் பழுது இல்லை என்று ஒரே மூச்சில் கோடு போட்டுக் கையெழுத்து வைத்தால்தான் வண்டி நேரத்துக்குக் கிளம்பும். யாரும் படிப்பதில்லை.

பேனாவைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தூக்கம் வராமல் போகிறதா? சாப்பாடு பிடிக்காமல் இருக்கிறதா? அவள் வாசிக்க வாசிக்க, அவர் யோசித்து யோசித்து ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். தினமும், தினமும், தினமும். ஏழாவது கேள்வி, செய்த தவறை நினைத்து வருந்துகிறீர்களா என்றிருந்தது.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். சொல்லித் தொலையுங்களேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அன்னைக்கும் அப்படித்தான் போட்டேன்” என்றார். “பிரேக் கட்டத்துல. மிதிச்சே பாக்கல. முந்தின நாளே கொஞ்சம் இழுத்துச்சு. எனக்குத் தெரியும்.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“அந்தத் தாளைப் பாத்துத்தான் என்மேல தப்பில்லைன்னு எழுதினாங்க. என் கையெழுத்து இருக்குதே…”

பின்னால் கதவு சாத்தும் சத்தம். தோள்பையோடு ஓர் அம்மாள் போனில் பேசிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போனாள். மேடம் அவள்தான். எழுந்து ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் முதல்முறையாக, அந்தப் பெண்ணின் செருப்பு எங்கே கிடந்தது, சைக்கிள் என்ன நிறம் என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் எழுந்தால் இந்த ஜன்மத்தில் இந்த வாய் திறக்காது. அவள் அசையவில்லை. ஜன்னல் பலகை இறங்கும் சத்தமும் காதில் விழுந்தது.

சொல்லி முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சக் கேள்விகளையும் கேட்கச் சொன்னார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்கிற கடைசிக் கேள்வியை அவளால் வாசிக்க முடியவில்லை. அவரே தாளை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து, ‘தினமும்’ என்ற கட்டத்தில் கோடு போட்டார். கீழே நிதானமாகக் கையெழுத்து வைத்தார்.

“இதை யார்கிட்ட குடுக்கணும்?” என்று கேட்டார்.

வராந்தாவில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. அவர் தாளை நீட்டியபடியே நின்றார்.