நாற்பது கிலோ வெங்காயம்

ஆஸ்பத்திரி கேன்டீன் சமையல்காரர் தினமும் காலையில் நாற்பது கிலோ வெங்காயம் நறுக்குவார். நறுக்கி முடிவதற்குள் ஊருக்கே சேர்த்து அழுதுவிடுவார். இருபது வருஷமாக அந்த அழுகையை யாரும் சட்டை செய்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை, டீக்கு நின்ற ஒரு ஆள் ஜன்னல் வழியாக அதைப் போனில் பிடித்துக்கொண்டு போனான். புதன்கிழமை எதிர்க்கட்சியின் தேர்தல் வீடியோவில் சமையல்காரர் அழுதுகொண்டே பேசினார். "புள்ளயப் படிக்க வைக்கக் கிட்னிய வித்துட்டேன்யா, இந்த ஆட்சியில!" குரல் அவருடையதேதான். டோக்கன் நம்பர் கூப்பிட்டதைத் தவிர அவர் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதே குரலில் எதையும் பேச வைக்கக் கம்ப்யூட்டருக்கு அதுவே போதுமாம். வியாழக்கிழமை ஆளுங்கட்சி அதே அழுகையை எடுத்து ஆனந்தக் கண்ணீர் என்றது. வெள்ளிக்கிழமைக்குள் இருபது லட்சம் பேர் பார்த்தாயிற்று. அவரே தேர்தலில் நின்றிருந்தால் ஜெயித்திருப்பார். குளிக்கும்போது ஒரு தடவை இடுப்பைத் தடவியும் பார்த்துக்கொண்டார்.

எதிர்க்கட்சி ஆபீசுக்குப் போய், அது வெங்காயம் என்று சொன்னார்.

"பயப்படாதீங்கண்ணே. உங்கள மிரட்டித்தான் இப்படிச் சொல்லச் சொல்றாங்கன்னு எங்களுக்குத் தெரியும்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். சனிக்கிழமை மத்தியானம், வெளியூரில் நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம் இருக்கிற மகள் வீடியோ காலில் கூப்பிட்டாள்.

"பைய எடுத்து வச்சுட்டேன்ப்பா. சாயங்கால பஸ்ல வர்றேன். எனக்குப் படிப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அடியே, திங்கக்கிழம பரீட்ச! விட்டா ஒரு வருஷம் போச்சு. அது வெங்காயம்டி!"

"உன் குரல் எனக்குத் தெரியாதா? பல்வலியவே ஒரு மாசம் மறச்ச ஆளு நீ."

அது உண்மைதான்.

"இரு, கண்ணால பாரு" என்று போனை எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்தார். கேன்டீனுக்குப் புதிதாக வந்திருந்த வெங்காய மூட்டையைப் பிரித்து ஒன்று நறுக்கினார், இரண்டு, ஆறு. அன்றைக்கென்று பார்த்து வந்த சரக்கு பரம சாது. கண் வறண்டு கிடந்தது. குனிந்து மோந்து பார்த்தார். பத்தாவதையும் நறுக்கினார்.

"விடுப்பா" என்றாள் மகள், மெதுவாக. "எனக்காக இன்னும் எவ்வளவு பொய் சொல்லுவ?"

அப்போதுதான் பொலபொலவென்று வந்தது. "இதோ! வந்துருச்சு பாரு! வெங்காயம்தான்!" என்று பாதி நறுக்கியதைப் போனுக்கு நேரே நீட்டினார். திரையில் அவளும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுகையால் பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள்.