முட்டித் துணி

மூன்றாவது தடவையும் கட்டு தளர்ந்துவிட்டது. நிரோஷா தங்கையின் கால்மாட்டில் குந்தி, இரண்டு பெருவிரல்களையும் மறுபடி சேர்த்துப் பிடித்தாள். குளிர்ந்த பாதங்கள் பக்கத்துக்கொன்றாகத் திரும்பியிருந்தன. ஆடும்போது முட்டியை மடக்கி அரைமண்டியில் நின்றால் சுமித்ராவின் பாதங்கள் அப்படித்தான் இருக்கும்.

முதல் தடவை தளர்ந்ததற்குக் காரணம் இருந்தது. அவசரத்தில் யாரோ பின்னல் மெஷின் பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிவிட்டார்கள். பின்னல் துணி இழுத்தால் நீளும், எப்படி நிற்கும்? நிரோஷா அதைக் கழற்றிவிட்டு, வேட்டிக் கரையைக் கிழித்துக் கட்டினாள். அதுவும் இரண்டு தடவை தளர்ந்துவிட்டது.

எலிக்காய்ச்சல். நாலே நாளில் கொண்டுபோய்விட்டது. சனிக்கிழமை கஹவத்தையில் ஆட வேண்டியவள். அந்த ஆட்டத்துக்காக நிரோஷா கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே உடுப்பாக, கருநீல நூலில், அவள் உடம்பையே அளவாக வைத்துப் பின்னியிருந்தாள். அதைத்தான் இப்போது போட்டுவிட்டிருந்தார்கள். அம்மா புஷ்பத்தின் பிடிவாதம்.

போன வாரம் போட்டுப் பார்த்தபோதே சுமித்ரா சொன்னாள். “முட்டிகிட்ட இழுக்குதுக்கா. அரைமண்டியில உக்கார விடமாட்டேங்குது.”

ஆட ஆட இளகிவிடும் போடி என்று நிரோஷா துரத்திவிட்டாள். பிரித்துச் சரிசெய்ய இரண்டு மணிநேர வேலை. சோம்பல், வேறொன்றும் இல்லை. இப்போது நினைக்க நினைக்கத் தன் கையையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

வெளியே சாவுக்கு அடிக்கும் தப்புகளைத் தீயில் காட்டிக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். ஐயாவு மாமா எட்டிப் பார்த்து, மழைக்கு முன்னால் எடுக்க வேண்டும் என்றார்.

நிரோஷா எழுந்தாள். “உடுப்பக் கழட்டணும்மா. முட்டியப் பிரிச்சுத் துண்டு வைக்கணும்.”

இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பொட்டிக்குள் போகிறவளுக்கு முட்டி தளர்வாக இருந்தால் என்ன, இறுக்கமாக இருந்தால் என்ன என்று ஒருத்தி கேட்கவே செய்தாள். அம்மா மகளின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செஞ்சு குடும்மா. அதத்தான அவ கேட்டுக்கிட்டு இருக்கா.”

“சரி, சுருக்கா முடிங்க” என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போனார்.

நிரோஷா மெஷினில் வரிசை வரிசையாக இழுத்து இரண்டு துண்டுகள் பின்னினாள். நடுவில் அகலமும் ஓரத்தில் ஒடுக்கமுமாக, முட்டிக்கு ஒன்று. அவற்றை வைத்துத் தைத்து, இஸ்திரி போட்டுத் தட்டையாக்கினாள். பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடிக்க, தானே தங்கைக்கு உடுத்திவிட்டாள். பெருவிரல்களைக் கட்டினாள். இந்தத் தடவை கட்டு நின்றது.

தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். அம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. யாரும் உடம்பைத் தொடவில்லை. கால்கள் நேராக, சேர்ந்தே கிடந்தன.

நிரோஷா குனிந்து முட்டிப் பக்கம் துணியை நீவிவிட்டாள். படியவில்லை. மறுபடி நீவினாள். சற்று முன் பின்னிய துணி, வெகுநேரம் அரைமண்டியில் ஆடிக் கழற்றிய உடுப்பு மாதிரி, இரண்டு முட்டியிலும் தொளதொளத்துப் புடைத்திருந்தது.

வெளியே தப்புச் சத்தம் எழுந்தது. நிரோஷா கையை எடுத்துக்கொண்டாள்.