கால்வாய்க் கரைப் புல்

கெங்கம்மாள் தொறட்டியால் கொடுக்காப்புளிக் கிளையை வளைத்து இழுத்தாள். இரவெல்லாம் பெய்த மழை இலைகளிலிருந்து அவள் முகத்தில் சொட்டியது. காலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்ற செம்மறிகள் கீழே விழுந்த கிளையை ஒரே பாய்ச்சலில் மொய்த்தன. ஐந்து பெட்டை, ஒரு கிடா. பெட்டைகளில் இரண்டு சினை. அவற்றில் ஒன்று குளம்பில் முள் ஏறி நொண்டியதால் கொல்லையில் தனியாகக் கட்டியிருந்தாள்.

கம்பெனிகளுக்கு நிலம் எடுத்தபோது அவர்களுக்கு மிஞ்சியது வீட்டைச் சுற்றியிருந்த கொல்லையும் கால்வாய் ஓரமாக ஒரு துண்டு மேடும்தான். நிலம் போனதற்காக அவள் புருஷன் துலுக்கானத்துக்கு பிளேட்டிங் கம்பெனியில் வேலை கொடுத்தார்கள். நிரந்தர வேலை இல்லை. சில மாதம் வைத்துக்கொள்வார்கள். பிறகு நிறுத்திவிட்டு, கேட் வாசலில் காக்க வைத்து மறுபடி கூப்பிடுவார்கள். போன தடவை நிறுத்தியபோது பொங்கல் வந்து போய்விட்டது, கூப்பிடவில்லை. அப்போதுதான் கெங்கம்மாள் கம்மலைக் கழற்றி விற்று, செங்குன்றம் பக்கம் போய் ஆடு வாங்கி வந்தாள்.

"கூப்டாங்காட்டி போவட்டும்" என்றாள் அன்றைக்கு. "ஆடு குட்டி போட்றத எவன் நிறுத்துவான்?"

வழக்கமாக ஆடுகளை ஏரிக்கரைக்குத்தான் ஓட்டிப் போவாள். இன்று அந்தப் பாதையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கால்வாய்ப் பக்கம் திருப்பினாள். மழைக்குப் பிறகு அந்தக் கரையில் புல் தளதளவென்று எழும்பியிருந்தது.

அதே நேரத்தில், மறுபடி வேலைக்குக் கூப்பிடப்பட்டிருந்த துலுக்கானம் கம்பெனியின் பின்பக்கம், தொட்டி வால்வின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

சைக்கிள் பெல் மூடிகளுக்கு முலாம் பூசுகிற தொட்டி அது. அதன் பழைய தண்ணீரை வெளியே உள்ள சிமெண்டுக் குழியில் விட்டு, வெள்ளைத் தூள் போட்டு ஊறவைத்து, அப்புறம்தான் கால்வாயில் விட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்றே, கையைக் கழுவாமல் பீடியைத் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள். ஒருமுறை தொட்டி ஓரத்தில் சிந்தியிருந்ததை நக்கிய பூனை கதவு வரைக்கும்கூடப் போகவில்லை. அதை வாலைப் பிடித்துத் தூக்கி எறிந்தவன் துலுக்கானம்தான்.

"குழி பூரா மழத்தண்ணி நிக்குது. நேரா கால்வாய்ல வுடு" என்றார் போர்மேன் வீரராகவன்.

"தூள் போடாமயா சார்?"

"தூள் தீந்து ஒரு வாரம் ஆவுது. மொதலாளி பத்து மணிக்கு வராரு. அதுக்குள்ள புதுத் தண்ணி ஊத்தணும். கால்வாய் நெறைய வெள்ளம் போவுது. கலந்தா ஒண்ணும் இருக்காது."

"அந்தாண்ட எங்க ஊடு கீது சார். ஆடு மேயும்."

வீரராகவன் அவனைப் பார்க்காமல் கால்வாயைப் பார்த்தார். "உன் பொஞ்சாதி ஏரிக்கரைக்குத்தான ஓட்டினு போவா? நீதான சொன்ன?"

"ஆமா சார்."

"அப்பறம் இன்னா? தொற."

துலுக்கானம் திறந்தான். மஞ்சள் கலந்த தண்ணீர் குழாயிலிருந்து பீய்ச்சிக்கொண்டு போய்க் கலங்கலான மழைத் தண்ணீரோடு சேர்ந்தது. ஒரு கணத்தில் நிறமே தெரியவில்லை.

உள்ளே வந்து பெல் மூடிகளைக் கொக்கியில் மாட்ட ஆரம்பித்தான். இரண்டு மூடிகள் தரையில் விழுந்தன. ஏரிக்கரைக்குத்தான் போயிருப்பாள், அங்கேதான் தினமும் போகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். மழையில் அந்தப் பாதை என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியதும் கொக்கியைக் கீழே வைத்தான். வீரராகவனிடம் போய் ஒரு எட்டு ஊட்டுக்குப் போய் வருகிறேன் என்று கேட்டான். மொதலாளி வருகிற நேரத்தில் கேட் பாஸ் கிடையாது என்றார். இன்னொரு முறை கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார். துலுக்கானம் கேட்கவில்லை.

மத்தியானச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வாட்ச்மேன் கோதண்டம் உள்ளே வந்தார்.

"துலுக்கானம், உங்க ஊட்டாண்டேந்து ஆளு வந்துட்டுப் போறான். உன் ஆடுங்க வுழுந்துடுச்சாம்."

துலுக்கானத்தின் கையிலிருந்த கொக்கி அப்படியே நின்றது. வீரராகவன் வேகமாக வந்து அவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவருடைய உதடு உலர்ந்து வெளுத்திருந்தது.

"போ. போயிட்டு வா. நான் பாஸ் போட்டுக்கிறேன். ஆனா வாயத் தொறக்காத. தண்ணி வுட்டது வெளிய தெரிஞ்சா உன்னயும் வெக்க மாட்டான், என்னயும் வெக்க மாட்டான். எனக்கு அஞ்சு புள்ளைங்கடா."

துலுக்கானம் கால்வாய்க் கரையோடு ஓடினான். சேற்றில் செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினான்.

வீட்டுக் கொல்லையில் வேப்பமரத்தடியில் ஐந்து ஆட்டுத் தோல்கள் விரித்துக் கிடந்தன. உத்தமன் கத்தியைச் சாக்கில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கெங்கம்மாளுடைய சித்தப்பா மகன், அடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் கறிக்கடையில் வெட்டுவான். மற்ற நாட்களில் துலுக்கானத்தின் கம்பெனி கேட்டில் வேலைக்காக நின்று பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருவான்.

கெங்கம்மாள் சுவரோரம் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்திருந்தாள். கட்டியிருந்த நொண்டி ஆடு மட்டும் அவளுக்குப் பின்னால் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது.

"மேஞ்சிகினுதான் இருந்திச்சி" என்றாள். "தண்ணி குடிச்சிச்சி. அப்பால கால ஒதறிகினு ஒண்ணொண்ணா வுழுந்திச்சி. நான் எதத் தூக்குவேன்? கத்தினேன், உத்தமன் ஓடியாந்தான். உசுரு இருக்கசொல்லவே அறுத்தான். கறியாவது நாலு ஊட்டுக்கு ஆவட்டும்னு."

"கறி எங்க?"

"கூறு போட்டுக் குடுத்தாச்சு மாமே" என்றான் உத்தமன். "காசு நாளிக்கித் தரேன்னிட்டாங்க. அக்கா பாவம், போட்ட மொதல்ல பாதியாச்சும் வரட்டும்."

தெருவில் நாலைந்து வீட்டுக் கூரைகளிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. துலுக்கானம் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டான்.

"துன்னாதீங்க" என்றான். "நோவு கண்ட ஆடு அது. துன்னாதீங்க."

உத்தமன் சிரித்தான். "நோவா? எத்தினி ஆட்ட அறுத்துகீறேன், எனக்குத் தெரியாதா? நோவு கண்ட ரத்தம் கருப்பா வரும். இதப் பாரு, எப்டி செவப்பா கீது. பூ மாதிரி."

துலுக்கானம் மண்ணில் தேங்கியிருந்த ரத்தத்தைப் பார்த்தான். அவன் இதுவரை எந்த ரத்தத்திலும் அவ்வளவு சிவப்பைப் பார்த்ததில்லை. வாயைத் தொறக்காதே என்ற குரல் காதுக்குள்ளேயே இருந்தது. கேட் வாசல் கண்ணுக்கு முன்னால் வந்தது. கெங்கம்மாள் அவன் முகத்தைப் பார்த்து மெல்ல எழுந்தாள்.

"இன்னாய்யா? இன்னா சொல்ற நீ?"

"வெசம்" என்றான் துலுக்கானம். "கால்வாய்ல வெசம். நான்தான் வுட்டேன். கார்த்தால தொட்டியத் தொறந்து நான்தான் வுட்டேன்."

உத்தமனின் கை கத்தியோடு கீழே இறங்கியது.

"சுசீலாவுக்கு ஈரல சுட்டுக் குடுத்தேன்" என்றான் அவன். "ஒரு துண்டு. இப்பதான்."

அதன் பிறகு நடந்தது எதுவும் துலுக்கானத்துக்கு வரிசையாக ஞாபகமில்லை. பொன்னியம்மா வீட்டு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைக் காலால் உதைத்தான். குழம்பு பாதத்தில் கொட்டியது. அங்கம்மாவின் புருஷன் துலுக்கானத்தின் சட்டையைப் பிடித்து அறைந்தான். அறை வாங்கிக்கொண்டே சட்டியைக் கவிழ்த்தான். எல்லா வீட்டிலும் "கெணத்துத் தண்ணிய எடுக்காதீங்க" என்று கத்திக்கொண்டு போனான். சாலையோரக் கிணறு கால்வாயை ஒட்டியே இருந்தது.

கெங்கம்மாள் உத்தமனுடைய மகள் சுசீலாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஆறு வயசுப் பெண். உத்தமனின் மனைவி சொர்ணம் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். குழந்தையின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. துலுக்கானம் சைக்கிளை மிதிக்க, உத்தமன் பின்னால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் உத்தமன் மகளுடைய மூக்கருகே விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் துலுக்கானத்துக்கு, இந்தக் குலுக்கலில் அந்த மூச்சு நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது. பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, பிழைத்துக்கொள்ளும் என்றார். ஒரு துண்டுதான் தின்றது, அதுவும் உடனே வெளியே வந்துவிட்டது என்றார். உத்தமன் ஆஸ்பத்திரித் தரையிலேயே குந்திக்கொண்டு துலுக்கானத்தின் காலைப் பிடித்தான். குழம்பு பட்டுக் கொப்பளித்திருந்த கால் அது. துலுக்கானம் வலியில் முகத்தைச் சுளித்தான்; காலை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் தெருவே கம்பெனி கேட்டுக்குப் போனது. கேட் திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் மேனேஜர் ஜீப்பில் வந்தார். கூடவே ஒரு போலீஸ்காரர், பின் சீட்டில் வீரராகவன். வேப்பமரத்தடியில் ஜீப் நின்றதும் தெருக்காரர்கள் கூடினார்கள்.

"வால்வத் தொறந்தது யாரு?" என்று கேட்டார் மேனேஜர்.

"நான்தான் சார்" என்றான் துலுக்கானம்.

"தூள் போட்டு ஊறவெக்கணும்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் தொறந்திருக்க."

"போர்மேன் சொன்னாரு சார். தூள் இல்லேன்னாரு."

மேனேஜர் திரும்பி வீரராகவனைப் பார்த்தார். "சொன்னியா?"

வீரராகவன் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். துலுக்கானம் அவரையே பார்த்தான். ஒரு சொல்தான் வேண்டியிருந்தது. அவருடைய கழுத்தில் நரம்பு துடிப்பது அவனுக்குத் தெரிந்தது. தானும் அந்தக் காலையில் அப்படித்தான் நின்றோம் என்று தோன்றியது.

"இல்ல சார்" என்றார் வீரராகவன்.

போலீஸ்காரர் துலுக்கானத்தை ஏறச் சொன்னார். கெங்கம்மாள் ஜீப்பின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டாள். "இவரு வெசம்னு சொன்னதாலதான இந்த ஜனங்க உசுரோட கீது? கேளுங்க சார், இவங்களயே கேளுங்க." பொன்னியம்மா ஆமாம் என்றாள். வேறு சிலரும் சொன்னார்கள். மேனேஜர், எல்லாம் ஸ்டேஷனில் வந்து சொல்லுங்கள் என்றார். ஜீப் கிளம்பியபோது கெங்கம்மாள் சிறிது தூரம் கூடவே ஓடி, பிறகு கையை விட்டாள்.

மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். துலுக்கானம் வந்ததும் முதலில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அடித்தார்களா என்று கெங்கம்மாள் கேட்டபோது சட்டையைக் கழற்றாமலேயே படுத்துக்கொண்டான். ராத்திரி தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்து, குடத்துத் தண்ணீர் எங்கே எடுத்தது என்று கேட்டான். ரோட்டைத் தாண்டிப் போய் எடுத்து வந்தேன் என்று அவள் சொன்ன பிறகும் குடிக்கவில்லை. பகலில் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டான். கேட்டுக்குப் போகவில்லை. அவனைக் கூப்பிடப் போவதில்லை என்று கோதண்டம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

கார்த்திகை பிறந்தபோது நொண்டி ஆடு குட்டி போட்டது. பெட்டைக் குட்டி. கெங்கம்மாள் அதைச் சாக்கில் துடைத்து அடுப்பருகே போட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு துலுக்கானம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அதன் காதைத் தொட்டான்.

அதற்கு மறுவாரம் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரத்தில் வேலிக்கு வெளியே யாரோ செருமினார்கள். கெங்கம்மாள் போய்ப் பார்த்தாள். உத்தமன் நின்றிருந்தான். புதுக் காக்கிச் சட்டை, மடிப்புக் கலையவில்லை. கையில் சாப்பாட்டுத் தூக்கு. தினமும் உள்ளே வந்து உட்காருகிறவன் இன்றைக்கு வேலியைத் தாண்டவில்லை.

"மாமா பாத்த வேலய எனக்குக் குட்த்தாங்கக்கா" என்றான். "நேத்திலேந்து."

கெங்கம்மாள் அந்தச் சட்டையைப் பார்த்தாள். "சுசீலா எப்டி கீறா?"

"நல்லா கீறா. இஸ்கூலுக்குப் போறா."

அவன் கிளம்பவில்லை. வீட்டுக் கதவைப் பார்த்தான். உள்ளே துலுக்கானம் எழுந்து உட்கார்ந்திருந்தது இருட்டில் தெரிந்தது. உத்தமன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"இன்னிக்கி ஆட்டக் கால்வா பக்கம் வுடாதக்கா."

உத்தமன் தலையைக் குனிந்துகொண்டு கம்பெனி இருக்கும் திசையில் வேகமாக நடந்தான்.

கெங்கம்மாள் கொல்லைக்குப் போய்க் கயிற்றைச் சுருக்கி முளையில் கட்டினாள். ஆடு கழுத்தை நீட்டிக் கால்வாய்ப் பக்கமே இழுத்தது. பனி இறங்கிய கரையில் புல் பச்சைப் பசேலென்று நின்றது. கயிறு இறுகி ஆட்டுக்கு மூச்சுத் திணறியது. ஆனாலும் விடாமல் இழுத்தது. அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.