நீள்வட்டத்தில் என்ன குறை?

கிரேக்க நாட்டின் லாரிசா ஊரில், எங்கள் பள்ளியில், ஆர்கிரிஸ் கணக்கு வாத்தியார்; மினாஸ் இலக்கணமும் அணியும் நடத்துபவர். சாயங்காலம் காப்பிக்கடையில் இருவருக்கும் ஒரே மேசை. எலிப்சிஸ் என்ற கிரேக்கச் சொல்லை வைத்து அவர்களுக்குள் ஓயாத கேலி. ஆர்கிரிஸுக்கு அது நீள்வட்டம். மினாஸுக்கு, வாக்கியத்தில் ஒரு சொல்லை வேண்டுமென்றே விட்டுவிடும் அணி. கடைத்தெருவில் கேட்டால் குறை, பற்றாக்குறை என்பார்கள்.

"எங்க வார்த்தையைத் திருடிட்டுப் போய்த்தானே உங்காளுங்க முட்டையா ஒரு வட்டம் போட்டாங்க," என்பார் மினாஸ்.

"நீங்க அதை வச்சு வாயடிச்சுட்டு இருந்தீங்க. நாங்க உருப்படியா ஒரு கோடாவது போட்டோம்ல."

ராணுவம் ஆட்சியைப் பிடித்த மறு ஆண்டு, ஆர்கிரிஸ் கரும்பலகையில் நீள்வட்டம் வரைந்து அடியில் 'எலிப்சிஸ்' என்று எழுதினார்.

"இதுல என்ன சார் குறை?" என்றான் பின்வரிசைக்காரன் ஒருவன்.

"இப்போ எதுதான்பா குறையா இல்ல," என்றார் அவர். வகுப்பே சிரித்தது. யாரோ வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வாரமே போலீஸ் வந்து அழைத்துப் போனது.

விசாரித்த அதிகாரிக்கு இதை வளர்க்க விருப்பமில்லை. மினாஸை வரவழைத்தார்.

"அது வெறும் கணக்கு வார்த்தைதானே வாத்தியாரே? ஆமான்னு சொல்லுங்க, இவரை வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மினாஸ் அப்போது தலைமையாசிரியர் பதவிக்குக் காத்திருந்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த நண்பரைப் பார்க்காமலே பேசினார். "கணக்குல அப்படித்தான். ஆனா வேற அர்த்தமும் உண்டு. சொல்லாம விட்டே சொல்றது. அது அவருக்கு நல்லாவே தெரியும்."

ஆர்கிரிஸை அரசியல் கைதிகளை அடைக்கும் தீவுக்கு அனுப்பினார்கள். சில ஆண்டுகள் கழித்து, முன்பற்கள் இல்லாமல், கை நடுங்கத் திரும்பி வந்தார். மினாஸ் தலைமையாசிரியராகியிருந்தார். ஒரு ஞாயிறன்று அல்வாப் பெட்டியோடு பார்க்கப் போனார்.

"நான் பொய் சொல்லல ஆர்கிரி. அந்த வார்த்தைக்கு ரெண்டு அர்த்தமும் இருக்கு."

"இருக்கு. அந்த ஆளு ஒண்ணு போதும்னுதானே கேட்டான்."

ஆர்கிரிஸின் மனைவி எவந்தியா எழுந்து கதவைத் திறந்து பிடித்தாள்; மினாஸ் வெளியே போகும்வரை பிடித்தபடியே நின்றாள்.

ராணுவ ஆட்சி கவிழ்ந்த கோடையில், பள்ளி மைதானத்தில் சுதந்திரத்தைப் பற்றி அழகாகப் பேசியவர் மினாஸ்தான். ஆர்கிரிஸைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். அவர் வந்தார், சாக்பீஸை எடுத்தார், நேர்க்கோடுகூட வரவில்லை. இப்போது பஞ்சுக் கிடங்கில் வாயிற்காவலராக இருக்கிறார்.